வாடகை அக்கா

நான் ரத்தம் எடுக்கிறவள். பரிசோதனைக் கூடத்தில் முதல் ஜன்னலுக்குப் பின்னால், வெள்ளைக் கோட்டு போட்டுக்கொண்டு, பதினாறு வருடமாக ஒரே நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன். குழந்தைகள், கிழவர்கள், ஊசியைக் கண்டதும் மயங்கி விழுகிற வாட்டசாட்டமான ஆண்கள், எல்லோருக்கும் ஒரே குத்தில் நரம்பைப் பிடித்துவிடுவேன். அதற்காக ஒரு பிராணி என்னை ஒரு வார்த்தை பாராட்டியதில்லை. ஆனால் இரண்டு வருடமாக, கையை நீட்டும்போதே என் முகத்தைப் பார்த்துப் பல்லைக் காட்டுகிறார்கள். "அக்கா, அதை ஒரு தடவை சொல்லுங்களேன்" என்கிறார்கள்.

'அது' என்பது இதுதான்: "டேய் பட்டாணி, வெளிய வாடா. எனக்கு நேரமாச்சு, கோட்டை எடுக்கணும்."

எனக்கு வாய்த்த பேரும் புகழும் இவ்வளவுதான். யாரிடம் போய் முட்டிக்கொள்வது?

பட்டாணி என் தம்பி. ஊருக்கெல்லாம் அவன் பீரங்கி. ராப் பாடுகிறவன். மற்ற ராப்காரர்கள் கடல் தாண்டிப் பிறந்தவர்கள் மாதிரி நாக்கைச் சுழற்றுவார்கள். இவன் எங்கள் தெருவில் குழாயடியில் சண்டை போடுகிற பேச்சிலேயே பாடுவான். "தெருவிளக்கு எரியல, ஓட்டுக் கேட்டவன் தெரியல, குழாயில தண்ணியில்ல, கேட்டாக்க ஆளுமில்ல" என்று மூச்சு விடாமல் ஓட்டுவான். மூச்சு முட்டி எங்கேயாவது விழுந்து வைப்பானோ என்று நான் தண்ணீர்ச் சொம்போடு நிற்பேன்.

முதல் ஆல்பத்தை அவன் என் துணி அலமாரிக்குள் உட்கார்ந்து பதிவு செய்தான். ஆள் உயர மர அலமாரி அது. தொங்குகிற துணிகளுக்கு நடுவே பேசினால் எதிரொலி வராதாம். தெரு விழித்து வண்டிகள் ஓட ஆரம்பிப்பதற்கு முன்னால், விடிந்ததும் விடியாததுமாக உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்வான். என் வெள்ளைக் கோட்டு இருப்பதும் அதே அலமாரியில்தான். நான் ஆறரைக்கு வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டும். தினமும் அலமாரிக் கதவைத் தட்டித் தொண்டை கிழியக் கத்துவேன். பாட்டின் கடைசி அடியும் என் கத்தலும் பிரிக்க முடியாதபடி ஒட்டிக்கொண்டுவிட்டன. மறுபடி பாடச் சோம்பல்பட்டு, எட்டுப் பாட்டையும் அப்படியே வெளியில் விட்டான் படுபாவி.

அது ஓடின ஓட்டம் சொல்லி மாளாது. கச்சேரிகளில் மேடை நடுவே ஓர் அலமாரி நிற்குமாம். பாட்டு முடியும் இடத்தில் கூட்டமே சேர்ந்து "கோட்டை எடுக்கணும்" என்று அலற, கதவைத் திறந்துகொண்டு இவன் வருவானாம். நான் போய்ப் பார்த்ததில்லை. கேள்விதான்.

பிறகு பெரிய கம்பெனி ஒன்று அவனைச் சேர்த்துக்கொண்டது. தங்குவதற்குப் பன்னிரண்டாவது மாடியில் வீடு கொடுத்தது. ஒருநாள் சாயங்காலம் நான் வேலை முடிந்து வந்து பார்த்தால் அவன் துணிமணி ஒன்றும் இல்லை. என் வீட்டுக்காரரிடம் மட்டும் சொல்லிவிட்டுப் போயிருக்கிறான். அவர் லிஃப்ட் பழுது பார்க்கிறவர். அந்தக் கட்டட லிஃப்ட் நல்ல லிஃப்ட் என்பதைத் தவிர அவருக்கு அதில் சொல்ல ஒன்றும் இல்லை.

அதற்கப்புறம் மாதத்துக்கு ஒருமுறை வருவான். பழம் வாங்கிக்கொண்டு வருவான். சோபாவின் நுனியில் உட்காருவான். தண்ணீர் கொடுத்தால் "நன்றிக்கா" என்பான். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். தூக்கி வளர்த்தவள் நான். அம்மாவும் அப்பாவும் அடுத்தடுத்துப் போனபோது அவனுக்கு ஒன்பது வயது. எனக்கு நன்றி சொல்ல இவன் யார்? "எப்படி இருக்கீங்கக்கா, சொல்லுங்கக்கா" என்று மரியாதை வேறு. நேர்காணலில் பேசுவதற்குக் கம்பெனியில் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். அதை வீட்டுக்குள்ளும் கொண்டுவந்துவிட்டான். அப்படி ஒழுங்காக உட்கார்ந்திருப்பவனை எதைச் சொல்லித் திட்டுவது? திட்ட முடியாமல் போனால் அவன் எனக்குத் தம்பியாக இருக்கிறானா, இல்லை பழம் கொண்டுவரும் யாரோ ஒரு ஆளா? எனக்கு அந்தப் பயம்தான் ராப்பகலாக இருந்தது. என் வீட்டுக்காரருடைய குறை வேறு. அவன் போனதிலிருந்து அவன் பங்குத் திட்டும் தனக்கே வந்து சேருகிறதாம்.

இப்படி இருக்கும்போதுதான் கம்பெனி மேலாளர் ஒரு திங்கட்கிழமை, நான் வேலைக்குக் கிளம்புவதற்கு முன்னாலேயே என் வீட்டுக்கு வந்தார். கழுத்தைச் சுற்றிச் சால்வை, காலில் சத்தமே வராத செருப்பு. இரண்டாவது ஆல்பம் முக்கால்வாசி முடிந்துவிட்டது என்றார். பாட்டெல்லாம் பிரமாதம். ஆனால் ஒன்று குறைகிறது. ஆட்களைக் கூப்பிட்டுப் போட்டுக் காட்டியதில், "அக்கா எங்கே?" என்றுதான் எல்லோரும் கேட்டார்களாம். வெள்ளிக்கிழமைக்குள் என் திட்டு வந்தாக வேண்டும். வராவிட்டால் ஆல்பம் கிடப்பில் போய்விடும், பீரங்கியின் ஒப்பந்தமும் அத்தோடு சரி.

"நீங்க வந்து நாலு நாள் திட்டிட்டுப் போனா போதும்" என்றார், ஏதோ வெள்ளையடிக்கக் கூப்பிடுகிற மாதிரி.

தம்பி பிழைப்பு என்று வந்துவிட்ட பிறகு மறுக்க முடியுமா? கூடத்தில் லீவு எழுதிக் கொடுத்தேன். அன்று மத்தியானமே ஆறு பேர் வந்து என் அலமாரியைத் தூக்கிக்கொண்டு போனார்கள். பழைய சத்தம் வர வேண்டும் என்றால் பழைய அலமாரி வேண்டுமாம். துணியோடு வேண்டுமாம். நாலு நாள் நான் உடுத்த வேண்டியதை எல்லாம் கட்டிலில் குவித்துவிட்டு அவர்கள் பின்னாலேயே போனேன்.

பதிவுக்கூடம் கண்ணாடிச் சுவர் போட்ட பெரிய அறை. நடுவில் என் அலமாரி, திருவிழாவில் தொலைந்த குழந்தை மாதிரி நின்றது. அதற்குள் பட்டாணி. வெளியே எனக்கு ஒரு மைக். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒலிப்பதிவாளர். வாயே திறக்காத மனிதர். கட்டை விரலைத் தூக்கினால் ஆரம்பி என்று அர்த்தம், இறக்கினால் மறுபடியும் என்று அர்த்தம்.

மறுநாள் காலை பட்டாணி உள்ளிருந்து பாடினான். "பன்னெண்டாவது மாடி, பக்கத்துக் கதவு மூடி, காலையில எழுப்ப ஆளில்ல, அலாரத்துக்கு வாயில்ல." அடி முடிந்தது. கட்டை விரல் உயர்ந்தது. நான் மைக்கைப் பார்த்தேன். கண்ணாடிக்குப் பின்னால் எட்டுப் பத்துப் பேர் என்னையே பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள்.

"தம்பி, கொஞ்சம் வெளிய வர்றியாப்பா?" என்றேன்.

விரல் இறங்கியது.

அன்று முழுவதும் அப்படியே போயிற்று. அவனைத் திட்டியே ஆளாக்கியவள் நான். ஆனால் அது நாலு சுவருக்குள். வெளியாள் ஒருத்தர் எதிரில் இருந்தால், அவன் கொலையே செய்திருந்தாலும் "எங்க பட்டாணி தங்கம்" என்றுதான் வாய் சொல்லும். பள்ளிக்கூடத்தில் அவன் ஜன்னலை உடைத்தபோது தலைமையாசிரியரிடம் ஜன்னல் பழசு என்று வாதாடினேன். வீட்டுக்கு வந்து முதுகில் இரண்டு வைத்தேன். வெளியே விட்டுக்கொடுக்காமல் இருப்பதும் உள்ளே வெளுத்து வாங்குவதும் என் கணக்கில் ஒரே வேலைதான். அதை மேலாளருக்கு எப்படிப் புரியவைப்பது?

அவர் எனக்குக் கோபமூட்டப் பார்த்தார். புதன்கிழமை ஈரத்துண்டு ஒன்றை நாற்காலியில் போட்டு வைத்தார்கள். எடுத்துப் பிழிந்து காயப்போட்டேன். என் செருப்பை ஒளித்து வைத்தார்கள். வெறுங்காலோடு நடந்தேன். தரையில் தேநீரைக் கொட்டிவிட்டு, பீரங்கிதான் கொட்டினார் என்று என்னிடம் வந்து கோள் சொன்னார்கள். துணி கேட்டு வாங்கித் துடைத்தேன். அந்த அறையில் அதுவரை யாரும் ஒழுங்காகப் பெருக்கியதே இல்லை போலிருக்கிறது, மூலையெல்லாம் ஒட்டடை. அதையும் அடித்தேன். சாயங்காலம் மேலாளர் தலையில் கை வைத்துக்கொண்டார். பட்டாணி மட்டும் அலமாரிக்குள்ளிருந்து தலையை நீட்டி, "பரவாயில்லக்கா, உங்களுக்கு வரலன்னா விடுங்க" என்றான். அந்தப் பரவாயில்லையைக் கேட்டு, கழிப்பறைக்குப் போய்க் கொஞ்சம் அழுதுவிட்டு வந்தேன்.

வியாழக்கிழமை காலை நான் போனபோது என் மைக்குக்கு முன்னால் வேறொருத்தி நின்றுகொண்டிருந்தாள். குரல் கொடுக்கும் கலைஞராம். சினிமாவில் மாமியார், போலீஸ்காரி, பேய் எல்லாவற்றுக்கும் பேசுகிறவளாம். மேலாளர் என் கையைப் பிடித்துக்கொண்டு, கோபித்துக்கொள்ளக் கூடாது, அக்காவுக்கு இவர்களைப் பேச வைக்கிறோம், நீங்கள் பக்கத்தில் இருந்து பழக்கிக் கொடுத்தால் போதும் என்றார். அப்போதே அவளுக்கு மனசுக்குள் வாடகை அக்கா என்று பேர் வைத்துவிட்டேன்.

அவள் மேல் தப்பு சொல்லக் கூடாது. நல்ல பெண். நோட்டுப் புத்தகமும் கையுமாக என் பக்கத்தில் உட்கார்ந்து, நீங்கள் எப்படி ஆரம்பிப்பீர்கள், எங்கே மூச்சு விடுவீர்கள், கதவைக் கையால் தட்டுவீர்களா காலால் உதைப்பீர்களா என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். நானும் வெட்கத்தை விட்டுச் சொல்லிக் கொடுத்தேன். 'டேய்' சொல்வதற்கு முன்னால் ஒரு பெருமூச்சு வேண்டும். மூன்றாவது தடவை தட்டும்போது குரல் ஏறாது, இறங்கும். அப்படி இறங்கினால்தான் அவன் பயப்படுவான். இதையெல்லாம் நான் யோசித்துச் செய்ததே இல்லை. சொல்லச் சொல்லத்தான் எனக்கே தெரிந்தது.

மத்தியானம் அவள் திட்டினாள் பாருங்கள். என் குரல், என் பெருமூச்சு, என் எரிச்சல் எல்லாம் அச்சு அசல். உள்ளே பட்டாணி அதற்கு அடுத்த அடியை ரெட்டை வேகத்தில் எடுத்தான். ஒலிப்பதிவாளருடைய இரண்டு கட்டை விரலும் மேலே போயின. நான் ஓரத்தில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். ஊரான் வீட்டுப் பெண் என் தம்பியைத் திட்டுகிறாள், அவனும் அதற்குத் துள்ளிப் பாடுகிறான். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்த ஸ்டூலையே பெயர்த்து எறிந்திருப்பேன். ஆனால் வெளியாட்கள் இருந்தார்கள்.

வெள்ளிக்கிழமை மிச்சம் இருந்தது ஒரே பாட்டு. கடைசிப் பாட்டு என்பதால் திட்டும் பெரிதாக இருக்கட்டும் என்று மேலாளர் தானே உட்கார்ந்து எழுதிக்கொண்டு வந்திருந்தார். வாடகை அக்கா காகிதத்தைப் பார்த்துத் தொண்டையைச் செருமிக்கொண்டாள். பட்டாணி முதல் அடியைப் பாடி முடித்தான். அவள் ஆரம்பித்தாள்.

"டேய், வெளிய வாடா. நீயெல்லாம் எங்கடா உருப்படப் போறே? கடைசி வரைக்கும் உருப்பட மாட்டே."

 அடுத்த அடி வரவில்லை. கதவு திறந்தது, பட்டாணி இறங்கி வந்தான், தலையில் மாட்டியிருந்ததைக் கழற்றி மேசையில் வைத்தான்.

"எங்க அக்கா அப்படிச் சொல்ல மாட்டாங்க" என்றான்.

உண்மைதான். சோம்பேறி என்பேன், தடிமாடு என்பேன், குளிக்காத பன்றி என்பேன். அவன் செய்ததைத் திட்டுவேன், செய்யாததையும் திட்டுவேன். நாளைக்கு அவன் என்ன ஆவான் என்பதை மட்டும் வாயில் எடுத்ததே இல்லை. ஒருநாளும் இல்லை. அதை அவன் கவனித்திருப்பான் என்று எனக்குத் தெரியாது.

மேலாளருக்கு ஒன்றும் விளங்கவில்லை. வெறும் வசனம்தானே, இதற்குப் போய் என்ன என்றார். பட்டாணி கேட்கவில்லை. இந்த வரி இருந்தால் ஆல்பமே வேண்டாம் என்று பையை எடுத்துத் தோளில் மாட்டினான். இன்றைக்கு முடியாவிட்டால் எல்லாமே முடிந்தது என்று மேலாளர் கடிகாரத்தைக் காட்டினார். இவன் வாசலைப் பார்த்து நடந்தான்.  ஒரு வரிக்காகக் கைக்கு வந்ததைக் கெடுத்துக்கொள்கிறானே என்று, நான் குறுக்கே போய், அவள் சொன்னால் சொல்லிவிட்டுப் போகட்டும், நீ போய்ப் பாடு என்று மெதுவாகத்தான் சொன்னேன்.

"நீங்க கொஞ்சம் சும்மா இருங்கக்கா. இது ஆபீஸ் விஷயம்."

"சும்மா இருக்கணுமா? யாருடா சும்மா இருக்கணும்?" என்று கேட்டது என் வாய்தான். "இத்தனை பேர் நாலு நாளா உனக்காக உக்காந்திருக்காங்க. ஒரு வரி பிடிக்கலன்னா மாத்தித் தாங்கன்னு கேக்கத் தெரியாதா? எப்பவும் இதே வேலை உனக்கு. பிடிக்கலன்னா மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டு எந்திரிச்சுப் போயிடறது. வீட்டுலேருந்தும் அப்படித்தானே போனே."

கடைசியில் சொன்னதை நான் சொல்ல நினைக்கவே இல்லை. தானாக வந்துவிட்டது.

அவன் பையைக் கீழே போட்டான். "பிடிக்காமப் போனேன்னு உனக்கு யார் சொன்னது? சொல்லிட்டுக் கிளம்பியிருந்தா நீ திட்டியிருப்பே. நீ திட்டியிருந்தா நான் போயிருக்கவே மாட்டேன். இந்நேரம் வரைக்கும் அந்த அலமாரிக்குள்ளயே கிடந்திருப்பேன்."

"அதுக்காகத் திருட்டுத்தனமா போறதாடா? அன்னிக்கு அலமாரியத் திறந்தா உன் சட்டை இருந்த இடம் காலியா இருக்கு. அரை மணி நேரம் கதவைப் பிடிச்சுக்கிட்டு நின்னேன். திட்டறதுக்குக்கூட ஆள் இல்லாம நின்னேன்டா."

அதற்கப்புறம் எங்களுக்கு மேலாளரும் தெரியவில்லை, கண்ணாடிக்குப் பின்னால் நின்ற கூட்டமும் தெரியவில்லை. இருபது நிமிஷம். கடைச் சாப்பாடு சாப்பிட்டு அவன் உடம்பைக் கெடுத்துக்கொள்வதில் ஆரம்பித்து, எட்டாவது படிக்கும்போது என் கைக்கடிகாரத்தைக் கழற்றிப் பிரித்துப் போட்டது வரைக்கும் போனேன். அவனும் சளைக்கவில்லை. என் கல்யாணத்தன்று அவனைக் கூப்பிடாமல் குடும்பப் படம் எடுத்தது, அவன் எழுதின முதல் பாட்டைப் பழைய தாள் என்று நினைத்து நான் அலமாரித் தட்டில் விரித்தது, எல்லாவற்றையும் சேர்த்து வைத்திருந்திருக்கிறான். ஒரு தடவையாவது என் கச்சேரிக்கு வந்தாயா என்று கேட்டான். நீ கூப்பிட்டாயா என்றேன்.

"கூப்பிடணுமா? நீ என்ன விருந்தாளியா?" என்றான்.

 முதல் தடவையாக அவனிடம் தோற்றுப்போய் ஸ்டூலில் உட்கார்ந்தேன். அவன் வந்து என் காலுக்குப் பக்கத்தில், நான் துடைத்த தரையில், சப்பணம் போட்டு உட்கார்ந்தான். மூக்கை என் துப்பட்டாவில் துடைத்துக்கொண்டான். துப்பட்டா இருக்கிற லட்சணத்தைப் பார்த்து முதுகில் ஒன்று வைத்தேன்.

மேலாளர் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு ஓடி வந்தார். முகமெல்லாம் சிரிப்பு. இதுதான், இதுதான் என்று கையைப் பிசைந்தார். இருபது நிமிஷத்தையும் அப்படியே கடைசிப் பாட்டாகப் போடலாம், ஊரே அழும் என்றார்.  வாழ்நாளில் முதல் தடவையாக நாலு பேர் எதிரில் என் தம்பியை விட்டுக்கொடுத்திருக்கிறேன். அதை இனி நாட்டில் இருக்கிற அத்தனை பேரும் காதில் மாட்டிக் கேட்பார்களா? பட்டாணி என் முகத்தைப் பார்த்தான். அவன் வேண்டாம் என்று சொன்னால் ஆல்பம் போயிற்று. சொல்லாவிட்டால் நான் போனேன்.

அப்போது நாலு நாளாக வாய் திறக்காத ஒலிப்பதிவாளர் எழுந்து வந்தார். குரல் கொஞ்சம் கீச்சென்று இருந்தது.

"பதிவாகல" என்றார்.

பதிவு நடக்கும்போது எரிகிற சிவப்பு விளக்கு எரிந்துகொண்டுதானே இருந்தது என்று மேலாளர் காட்டினார். இப்போதும் அது எரிந்துகொண்டுதான் இருந்தது.

"அது சும்மா எரியும்" என்று சொல்லிவிட்டு ஒலிப்பதிவாளர் திரும்பிப் போய் உட்கார்ந்து, எதையோ அழுத்தினார்.

மேலாளர் தரையில் உட்காராத குறை. சரி, வாடகை அக்காவையே வேறு வரி சொல்ல வைக்கலாம் என்று அவளைத் தேடினால், அவள் மூலையில் சுவரைப் பார்த்து நின்று தேம்பிக்கொண்டிருந்தாள். அவளுக்கும் ஒரு தம்பி இருக்கிறானாம். அவன் கல்யாண அழைப்பிதழில் அவள் பேரை விட்டுவிட்டானாம். பேச்சு நின்று நாலு வருடமாம். எங்கள் சண்டையைக் கேட்டுத் தாங்க முடியாமல் அங்கேயே போனைப் போட்டுவிட்டாள். அவன் எடுத்து "யாரு?" என்று கேட்டிருக்கிறான். அவ்வளவுதான். மாமியார், போலீஸ்காரி, பேய் எல்லாம் ஒன்றாக இறங்கி வந்த மாதிரி ஆரம்பித்தாள்.

"யாரா? யாருன்னா கேக்கறே? எத்தனை வருஷம்டா கதவைச் சாத்திக்கிட்டு உள்ளயே உக்காந்திருப்பே?"

ஒலிப்பதிவாளர் ஒரு மைக்கை அதன் தாங்கியோடு தூக்கிக்கொண்டு பூனை நடையில் போய் அவள் முன்னால் வைத்து, பதியலாமா என்று கையால் சைகை காட்டிக் கேட்டார். அவள் திட்டை நிறுத்தாமலே தலையை ஆட்டினாள். பட்டாணி நான் பிடிக்கும் முன் எழுந்து ஓடி அலமாரிக்குள் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டான். அவள் போனில் திட்டத் திட்ட இவன் உள்ளிருந்து கடைசிப் பாட்டைப் பாடினான். ஒரே மூச்சில் முடிந்தது. மேலாளர் சால்வையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, வெளியே போய்த் தன் அண்ணனுக்குப் போன் போட்டார். என்ன பேசினாரோ, அரை மணி நேரம் கழித்துத்தான் உள்ளே வந்தார்.

இரண்டாவது ஆல்பம் வெளியாகி மூன்று மாதம் ஆகிறது. முதலாவதைவிட நன்றாக ஓடுகிறது. அக்காவின் கோபம் இந்த முறை நெஞ்சைத் தொடுகிறது, குரலில் ஒரு பக்குவம் கூடியிருக்கிறது என்று பத்திரிகையில் எழுதியிருந்தார்கள். என் வீட்டுக்காரர் அதை வெட்டிச் சுவரில் ஒட்டியிருக்கிறார். நான் இல்லை அது என்று எத்தனை பேரிடம் போய்ச் சொல்வது? வாடகை அக்காவும் அவள் தம்பியும் இப்போது வாரம் தவறாமல் சண்டை போடுகிறார்களாம். சந்தோஷமாகச் சொன்னாள். நான் அன்றைக்குத் திட்டியது அந்த அறையோடு போயிற்று. அது எங்கேயும் விலைக்குக் கிடைக்காது, கிடைக்கவும் வேண்டாம்.

போன செவ்வாய்க்கிழமை சாயங்காலம் பட்டாணி சொல்லாமல் கொள்ளாமல் வந்தான். கையில் ஒன்றும் இல்லை. அழுக்கு மூட்டையை நடு அறையில் போட்டான், சாப்பிட்டான், சோபா முழுக்க நீட்டிப் படுத்துத் தூங்கிவிட்டான். இன்றோடு ஐந்து நாள். கம்பெனியிலிருந்து இரண்டு தடவை ஆள் வந்து விசாரித்துவிட்டுப் போனார்கள். எப்போதடா கிளம்புவாய் என்று கேட்டால், புரண்டுகூடப் படுக்காமல், "நீ திட்டி முடி, அப்புறம் போறேன்" என்கிறான்.

நான் இன்னும் முடிக்கவில்லை.